வேட்டை அம்பும் அலகுமுனையும்

குறுக்குவில் என்பது ஒரு கட்டையின் தலைப்பில் வில்லைக் குறுக்காகப் பொருத்தி, இழுத்த நாணைக் கொக்கியில் மாட்டி நிறுத்தி, விசையை அழுத்தியதும் அம்பு பாயும்படி அமைத்த கருவி ஆகும். கைவில்லில் நாணை இழுத்துப் பிடித்திருப்பது வில்லாளியின் தசை. குறுக்குவில்லில் அந்த வேலையைக் கொக்கி செய்கிறது. அதனால் கையால் பிடித்து நிற்க முடியாத அளவு வலிமையான வில்லையும் இதில் பூட்டலாம். இதில் எய்யப்படும் அம்பு கைவில் அம்பைவிடக் குட்டையானது. பெரும்பாலும் 16 முதல் 22 அங்குல நீளம் இருக்கும். வேட்டைக்கான அம்பின் நுனியில் கூரிய அலகுகள் கொண்ட முனை திருகப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் பிராட்ஹெட் எனப்படும் இம்முனையை இக்கட்டுரை அலகுமுனை என்று குறிப்பிடுகிறது.

அலகுமுனையையும் அம்பையும் தேர்ந்தெடுப்பது பற்றி இணையத்தில் ஏராளமான காணொளிகள் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வட அமெரிக்க வேட்டைக்காரர்களுக்காக எடுக்கப்பட்டவை. அந்நாடுகளின் உரிமம், பருவம், சட்டம் ஆகியவற்றை மனத்தில் வைத்துப் பேசுபவை. ஓசூர்–ராயக்கோட்டை சாலையில் உள்ள உத்தனப்பள்ளி போன்ற காட்டோர ஊரில், இரவில் கேழ்வரகுக் காட்டைப் பன்றி உழுதுவிட்டுப் போன மறுநாள் அதே காணொளியைப் பார்ப்பவருக்கு அந்தப் பின்னணி எதுவும் தெரியாது. எனவே அம்பு எப்படி வேலை செய்கிறது என்பதோடு, அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதையும் சேர்த்தே விளக்க வேண்டியிருக்கிறது.

அம்பு கொல்லும் முறை

துப்பாக்கிக் குண்டும் அம்பும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

அம்பின் எடையைக் கிரெயின் என்ற அலகில் சொல்வது உலக வழக்கம். ஒரு கிரெயின் என்பது 0.0648 கிராம். நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் பயன்படுத்திய குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின் எடை கொண்டது. 400 கிரெயின் எடையுள்ள குறுக்குவில் அம்பு ஏறக்குறைய 26 கிராம் இருக்கும். அது வினாடிக்கு 350 அடி வேகத்தில், அதாவது சுமார் 107 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று கொள்வோம். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். இங்கே அது ஏறக்குறைய 148 ஜூல். பழைய .303 ரைபிளின் குண்டு 11 கிராம்தான். ஆனால் வினாடிக்கு 740 மீட்டருக்கு மேல் பாய்வதால் அதன் ஆற்றல் 3,000 ஜூலைத் தாண்டும். குண்டின் ஆற்றலில் இருபதில் ஒரு பங்குகூட அம்பிடம் இல்லை.

அப்படியானால் 148 ஜூலை வைத்துக்கொண்டு அம்பு எப்படிப் பெரிய விலங்கை வீழ்த்துகிறது? வெட்டித்தான். குண்டு தன் வேகத்தால் திசுக்களைச் சிதைக்கிறது. அம்புக்கு அந்த அதிர்ச்சி விளைவு கிடையாது. அதன் முனையில் உள்ள அலகு செல்லும் வழியில் உள்ள இரத்தக் குழாய்களை அறுக்கிறது. நெஞ்சுக்கூட்டைத் துளைத்தால் நுரையீரல் சுருங்கி மூச்சு நிற்கிறது. விலங்கு இறப்பது இரத்த இழப்பாலும் மூச்சடைப்பாலுமே. இரண்டு நுரையீரல்களும் அறுபட்டால் சில வினாடிகளில் அது சரிந்துவிடும். குடலில் பட்டால் பல மணி நேரம் துடித்து, எய்தவர் கண்ணுக்கு எட்டாத புதரில் போய்ச் சாகும்.

முனை, எடை, தண்டு, தூரம் பற்றிய விதிகள் எல்லாம் இந்த ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை. கூர்மையும் அப்படியே. சவரக் கத்தியால் கன்னத்தில் சின்னக் கீறல் விழுந்தால் இரத்தம் நிற்க நேரமாகும். கல்லில் சிராய்த்த காயம் அகலமாக இருந்தாலும் சீக்கிரம் உறையும். கிழிந்த திசு உறைதலைத் தூண்டுகிறது. கிழிபட்ட குழாயின் சுவர் சுருங்கிக்கொள்கிறது. சுத்தமாக அறுபட்ட குழாய் அப்படிச் செய்வதில்லை. மழுங்கிய அலகுமுனை பெரிய காயம் செய்தும் விலங்கை உடனே கொல்லாமல் விடுவதற்கு இதுவே காரணம். ஒருமுறை எய்த அலகை மாற்றாமல் மீண்டும் வேட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வது வெறும் சடங்கு அன்று.

அலகுமுனை வகைகள்

அலகுமுனைகளை நிலையலகு, விரியலகு என இரண்டாகப் பிரிக்கலாம். நிலையலகு முனையில் அலகுகள் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். உடையக்கூடிய பாகம் எதுவும் இல்லாததால் இதுவே மிகவும் நம்பகமானது. விரியலகு முனையில் அலகுகள் பறக்கும்போது மடங்கி இருந்து, தோலில் பட்டவுடன் பின்னோக்கி விரியும். நிலையலகின் வெட்டு அகலம் பெரும்பாலும் ஒரு அங்குலத்தை ஒட்டியும், விரியலகின் அகலம் இரண்டு அங்குலம் வரையும் இருக்கும். இரண்டையும் கலந்த வகையும் உண்டு.

அகலம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். அது முழு உண்மை அன்று. விரியலகு விரிவதற்கே ஆற்றலில் ஒரு பகுதி செலவாகிறது. அகன்ற வெட்டுக்கு எதிர்ப்பும் அதிகம். சாய்வான கோணத்தில் பட்டால் முனை வழுக்கிச் செல்லவோ, அலகு சரியாக விரியாமல் போகவோ வாய்ப்புண்டு. ஆற்றல் குறைந்த வில்லில் பெரிய விரியலகைப் பூட்டுவது மோசமான தேர்வு. ஆழமும் போகாது, அகலமும் பயன்படாது.

அலகுகளின் எண்ணிக்கையும் எளிய கணக்குதான். ஒரு அங்குல அகலமுள்ள இரட்டை அலகு முனை ஒரு அங்குல நீளக் கோட்டை அறுக்கும். அதே அகலத்தில் மூன்று அலகுகள் இருந்தால், ஒவ்வொன்றும் மையத்திலிருந்து அரை அங்குலம் நீள்வதால், மொத்த வெட்டு ஒன்றரை அங்குலம். நான்கு அலகுகளுக்கு இரண்டு அங்குலம். வெட்டு கூடும்போது உராய்வும் கூடுகிறது. ஆகவே தடித்த தோலும் கனத்த எலும்பும் உள்ள விலங்குக்கு இரட்டை அலகும், மான் போன்ற மெல்லுடல் விலங்குக்கு மூன்று அலகும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. இரட்டை அலகில் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டப்பட்ட வகை ஒன்று உண்டு. அது உள்ளே செல்லும்போது திருகாணி போலச் சுழல்வதால் எலும்பைப் பிளக்கும் என்பது அதை விரும்புவோர் கூற்று.

அம்பின் எடையும் சமநிலையும்

முனையின் எடை பெரும்பாலும் 100 அல்லது 125 கிரெயின். கனமானவை 150 கிரெயினும் அதற்கு மேலும் உண்டு. தண்டு, முனை, முனை திருகும் உட்செருகி, இறகு, பின்முனை எல்லாம் சேர்ந்த மொத்த எடையே அம்பின் எடை. ஒவ்வொரு குறுக்குவில்லுக்கும் குறைந்தபட்ச அம்பு எடையை அதன் தயாரிப்பாளர் குறித்திருப்பார். வேகத்துக்காக அதைவிட இலேசான அம்பைப் பூட்டினால், அம்பு எடுத்துச் செல்லாத ஆற்றல் வில்லுக்கே திரும்பும். நாண் அறுவதும் வில்தகடு பிளப்பதும் அதனால் நேரும்.

இலேசான அம்பு வேகமாகப் போகும். கனமான அம்பு மெதுவாகப் போகும். ஆனால் கனமான அம்பு காற்றிலும் உடலிலும் தன் வேகத்தை எளிதில் இழப்பதில்லை. ஓடிவரும் சைக்கிளையும் அதே ஆற்றலோடு மெதுவாக வரும் மாட்டுவண்டியையும் கைகொடுத்து நிறுத்திப் பார்ப்பதோடு இதை ஒப்பிடலாம். இயற்பியலில் இது உந்தம், அதாவது எடையும் வேகமும் பெருக்கிய தொகை. துளைத்துச் செல்லும் ஆழத்தைப் பற்றிப் பேசும்போது ஆற்றலைவிட உந்தமே பொருத்தமான அளவு. கடைகளின் விளம்பரம் பெரும்பாலும் வேகத்தையே முன்னிறுத்துகிறது. வேட்டை அனுபவம் உள்ளவர்களோ எடையைத்தான் முதலில் கேட்பார்கள்.

எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அம்பை விரலின் மேல் வைத்துச் சமன் செய்து பார்த்தால் எடை மையம் நடுவில் இருக்காது. சற்று முன்னால் இருக்கும். 20 அங்குல அம்பின் நடுப்புள்ளி பின்முனையிலிருந்து 10 அங்குலத்தில் உள்ளது. அது 12.6 அங்குலத்தில் சமன்பட்டால், வேறுபாடு 2.6 அங்குலம், நீளத்தில் 13 விழுக்காடு. வேட்டை அம்புக்கு இந்த அளவு 10 முதல் 15 விழுக்காடு வரை இருப்பது வழக்கம். முன்கனம் குறைந்தால் அம்பு காற்றில் தத்தளிக்கும். தலைப்பகுதி கனத்த ஈட்டி நேராகச் செல்வதும் வால் கனத்த குச்சி புரண்டு விழுவதும் சிறுவர்கள்கூட அறிந்ததுதான்.

தண்டு இன்று பெரும்பாலும் கரிம இழையால் ஆனது, அலுமினியமும் பயன்படுகிறது. கைவில்லில் நாணை விடும்போது அம்பு பாம்பு போல வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போகும். அதனால் தண்டின் விறைப்பை வில்லின் வலிமைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறுக்குவில்லில் அம்பு ஒரு நேர்ப்பள்ளத்தில் ஓடுவதால் அந்தச் சிக்கல் குறைவு. குட்டையான, விறைப்பான தண்டே போதும்.

நாணில் பொருந்தும் பின்முனை நாக் எனப்படும். தட்டையானது, அரைவட்டப் பள்ளம் கொண்டது, நாணைக் கவ்விப் பிடிப்பது எனப் பல வடிவங்கள் உள்ளன. வில்லுக்கு உரிய வடிவத்தைத் தவிர வேறொன்றைப் பூட்டினால் நாண் அம்பின் மேலேறி வெறுமனே பாயக்கூடும். அப்போது உடைந்த துண்டுகள் எய்பவரையே தாக்கும். தேர்வுகளில் இது ஒன்றில் மட்டும் விருப்பத்துக்கு இடமே இல்லை.

நேராகப் பறத்தல்

அலகுமுனை பூட்டிய அம்புக்கு முன்பக்கமும் சிறகு முளைத்துவிடுகிறது. பின்னால் உள்ள இறகுகள் அம்பை நேராக்கப் பார்க்கும்போது, முன்னால் உள்ள அலகுகள் காற்றைப் பிடித்து அதைத் திருப்பப் பார்க்கும். பயிற்சியில் கூம்பு முனையோடு இலக்கைத் துளைத்த அதே அம்பு, அதே எடையுள்ள அலகுமுனையோடு ஒரு சாண் தள்ளிப் போவது இதனால்தான்.

முனை தண்டின் அச்சோடு துல்லியமாக ஒன்றியிருக்க வேண்டும். ஓசூர் சிப்காட்டில் லேத்திலோ சி.என்.சி. எந்திரத்திலோ வேலை செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர்கள் தினமும் பார்க்கும் ரன்-அவுட் சோதனையே இது. அம்பை இரண்டு உருளைகளின் மேல் வைத்துச் சுழற்றும்போது முனை ஒரே புள்ளியாகத் தெரிந்தால் சரி. சிறு வட்டம் போட்டால் உட்செருகியோ தண்டின் வெட்டுமுகமோ கோணலாக இருக்கிறது என்று பொருள். மில்லிமீட்டரின் சிறு பங்கு கோணல் வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பெரிதாகிவிடும்.

தூரமும் ஒலியும்

மேலே சொன்ன அம்பு 20 மீட்டரைக் கடக்கச் சுமார் 0.19 வினாடி ஆகும். அதற்குள் அது புவியீர்ப்பால் 17 சென்டிமீட்டர் கீழே இறங்கும். 40 மீட்டருக்கு நேரம் இருமடங்கு; இறக்கமோ நான்கு மடங்கு, ஏறக்குறைய 69 சென்டிமீட்டர். தூரத்தை ஐந்து மீட்டர் தவறாக மதித்தாலே நெஞ்சுக்குக் குறிவைத்தது வயிற்றிலோ காலிலோ படும்.

ஒலி இன்னொரு தடை. குறுக்குவில் சத்தமில்லாதது என்பது திரைப்படம் பரப்பிய நம்பிக்கை. நாண் அதிரும் ஓசை வினாடிக்கு 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அம்பின் வேகத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். 40 மீட்டரில் நிற்கும் மானின் காதில் ஓசை விழுந்து கால் வினாடி கழித்தே அம்பு வந்து சேரும். திடுக்கிட்ட மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும். அம்பு அதன் முதுகுக்கு மேலே போகும், அல்லது முதுகெலும்புக்கு அருகே தைத்து நிற்கும். வேகமான வில் வாங்கினால் தூரத்தைக் கூட்டலாம் என்ற எண்ணத்தை இந்தக் கால் வினாடி முறியடிக்கிறது.

விலங்கின் உடலமைப்பும் ஒத்துழைப்பதில்லை. காட்டுப்பன்றியின் இதயமும் நுரையீரலும் உடலின் முன்புறத்தில், முன்னங்காலுக்குப் பின்னால் தாழ்வாக உள்ளன. வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டையின் மேல் கெட்டியான கேடயம் போன்ற தோல் தடிப்பு உண்டு. ஆண்கள் ஒன்றோடொன்று மோதும்போது தந்தக் குத்திலிருந்து அதுவே காப்பாற்றுகிறது. மேலே மயிர் சிலிர்த்து நிற்பதால் உடல் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். இரவில், கைவிளக்கு வெளிச்சத்தில், அசையும் பன்றியின் மேல் எய்யப்படும் அம்பு சரியான இடத்தில் படும் வாய்ப்பு மிகக் குறைவு. காயம்பட்ட பன்றி எத்தனை ஆபத்தானது என்பதைக் காட்டோரத்தில் வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் நிலத்தில் வில்லும் முனையும்

அம்புமுனைக்கு வேலை பிரித்துக் கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய அகழாய்வில் இரும்பு வாள், ஈட்டி முதலியவற்றோடு அம்புமுனைகளும் கிடைத்தன. கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே உள்ள மயிலாடும்பாறையில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை செல்வதாகக் காலக்கணிப்பு முடிவு 2022இல் அறிவிக்கப்பட்டது. இன்று உதிரிபாகத் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு மாவட்டத்தின் இரும்பு வேலை நான்காயிரம் ஆண்டு பழையது என்பது வியப்பான ஒற்றுமை.

இம்மாவட்டத்திலும் தருமபுரியிலும் நடுகற்கள் மிகுதி. ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவர்களுக்கும், புலியோடு பொருது இறந்தவர்களுக்கும் எடுக்கப்பட்டவை அவை. வில்லேந்திய வீரர்களையும், உடலில் அம்பு தைத்த நிலையில் நிற்கும் வீரர்களையும் இந்தக் கற்களில் காணலாம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குச் செல்லும் மாணவர்கள் அவற்றை அருகிலிருந்து பார்க்கலாம்.

இலக்கியத்தில் துளைக்கும் திறனுக்குப் புகழ்பெற்ற சான்று புறநானூற்றின் 152ஆம் பாடல். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தங்கியதாக வன்பரணர் பாடுகிறார். இயற்பியல்படி நடக்காத காரியம்தான். என்றாலும் புலவர் வியப்பது வேகத்தையோ தூரத்தையோ அன்று, ஊடுருவலை என்பது கவனிக்கத்தக்கது. இதற்கு மறுபக்கம் திருக்குறளில் இருக்கிறது. 597ஆம் குறளில் உடலில் அம்பு தைத்தும் நிலைகுலையாத யானை ஊக்கமுடையவருக்கு உவமையாகிறது. அம்பு பட்ட விலங்கு உடனே விழுவதில்லை என்பதை அந்தக் கால வாசகர்கள் நேரில் கண்டிருந்தால்தான் இவ்வுவமை எடுபட்டிருக்கும்.

கூர்முனை மட்டுமே முனை அன்று. பறவையையும் சிறு விலங்கையும் தோல் கிழியாமல் அடிக்க மொட்டு போன்ற மழுங்கிய முனை பயன்பட்டது. மொட்டம்பு என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அம்புக்குப் பதிலாகக் களிமண் உருண்டையை எய்யும் உண்டைவில்லும் தென்னிந்தியாவில் வழங்கியது. சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல், வளரி, குறுக்குவில் ஆகியவை பற்றி 1924இல் விரிவான கட்டுரை எழுதினார். கேரளத்தில் தெற்றாலி எனப்படும் கருவியால் மீனை எய்து பிடிக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. அந்த அம்பில் முள்ளும் கயிறும் இருக்கும். மீனில் தைத்து, கழன்றுவிடாமல் இழுத்து வர வேண்டும் என்பது அதன் நோக்கம். நில விலங்குக்கான அலகுமுனையின் நோக்கம் நேர் எதிரானது. அறுத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறுவதே அதன் வேலை.

நாகர் மலைகளிலும் நிகோபார்த் தீவுகளிலும் குறுக்குவில் வழக்கில் இருந்தது. வடகிழக்கு மலைகளில் அம்பு நுனியில் நஞ்சு தடவுவது உண்டு. வில்லின் ஆற்றல் குறைவாக இருக்கும் இடத்தில் அகன்ற அலகு செய்ய வேண்டிய வேலையை நஞ்சு செய்கிறது. அதனால் அந்த அம்புகள் மெல்லிய குச்சிகளாகவே இருந்தன. ஐரோப்பாவில் குறுக்குவில் போர்க்கருவியாகப் பரவியபோது அதன் கொடுமையைக் கண்டு, கிறித்தவர் மீது அதைப் பயன்படுத்தக் கூடாது என 1139இல் இரண்டாம் இலாத்தரன் சங்கம் தடை விதித்தது. தடையை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை என்பது வரலாறு.

சட்டம் எங்கே என்ன சொல்கிறது

தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் குறுக்குவில் வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஒன்று. ஆனால் அங்கும் வேட்டைக் கல்வி வகுப்பில் தேறி அட்டை பெற வேண்டும். பருவமும் விலங்கின் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டவை. மானுக்கான குறுக்குவில்லின் இழுவிசை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். அலகுமுனை குறைந்தது 22 மில்லிமீட்டர் அகலமும், முள் இல்லாத இரண்டு கூரிய அலகுகளும் கொண்டிருக்க வேண்டும். முள் ஏன் கூடாது என்றால், தப்பிச் செல்லும் விலங்கின் உடலில் அம்பு சிக்கிக்கொள்ளும் என்பதால். பிரிட்டனிலோ 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, கிராமப்புறச் சட்டம் வில், குறுக்குவில் இரண்டாலும் காட்டுவிலங்கைக் கொல்வதைத் தடை செய்கிறது. ஒரே இயற்பியலிலிருந்து இரண்டு நாடுகள் இரண்டு முடிவுக்கு வந்திருக்கின்றன.

இந்தியாவில் கேள்வி முனையின் அகலம் வரை போவதே இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு பட்டியலில் உள்ள காட்டுவிலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. 1991இல் வந்த திருத்தம் பொழுதுபோக்கு வேட்டைக்கு இருந்த உரிம வழியையும் அடைத்தது. வேட்டை என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் விரிவானது. கொல்வது மட்டுமன்றிப் பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை வைத்து ஈர்ப்பது, விரட்டுவது, காயப்படுத்துவது, இவற்றுக்கு முயல்வது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். குறி தவறிய அம்பும் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். பொதுவான மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். முதல் பட்டியல் விலங்கானாலோ, குற்றம் சரணாலயத்துக்குள் நடந்தாலோ சிறைத்தண்டனை மூன்றிலிருந்து ஏழு ஆண்டு. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. யானை முதல் பட்டியலில் உள்ளது.

வில்வித்தையில் ஆர்வம் உள்ள மாணவருக்கு இலக்கு எய்தல் என்ற வழி திறந்தே இருக்கிறது. மூங்கில் வில்லால் 50, 30 மீட்டர் தூரங்களில் எய்யும் இந்தியன் ரவுண்டு போட்டி இங்கே பரவலானது. குறுக்குவில்லுக்கும் 1956இல் தொடங்கிய பன்னாட்டு அமைப்பு உண்டு. இவற்றில் பயன்படுவது கூம்பு முனை மட்டுமே. அலகுமுனையை எந்தப் பயிற்சிக் களத்திலும் ஏற்க மாட்டார்கள். அது இலக்குப் பலகையைக் கிழித்துவிடும், பிடுங்கும் கையையும் அறுக்கும்.

உத்தனப்பள்ளிக் காட்டோரம்

உத்தனப்பள்ளிக்கு ஒருபுறம் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பது பற்றிய போராட்டம். மறுபுறம் சானமாவு காடு. கேழ்வரகு அறுவடைக் காலத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டங்கள் சானமாவு வரை வருகின்றன. காட்டுப்பன்றிகளோ ஆண்டு முழுவதும் இருக்கின்றன. ஒரே இரவில் விளைச்சலை இழந்த விவசாயியின் கோபம் நியாயமானது. சட்டம் தெரியாதவர் என்று அவரை ஒதுக்கிவிட்டு இந்தப் பொருளைப் பேச முடியாது.

ஆனால் பன்றிக்கு வைத்தது பன்றியோடு நிற்பதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் உயிர் தப்பின. அது காட்டுப்பன்றியைத் தடுக்கப் போட்ட வேலி. அவுட்டுக்காயும் அப்படித்தான், பன்றிக்கு வைத்ததை மாடும் கடிக்கிறது, யானையும் கடிக்கிறது. குறுக்குவில் ஆளைத் தேர்ந்து அடிக்கும் கருவி என்பதால் இவற்றைவிட மேல் என்று ஒரு வாதம் எழக்கூடும். இருட்டில் புதருக்குள் அசைவது பன்றியா, யானைக்குட்டியா, காவலுக்கு வந்த பக்கத்து நிலத்துக்காரரா என்று அம்புக்குத் தெரியாது. அம்பு தைத்த யானை அடுத்த ஊருக்குள் புகுந்தால் அதற்குப் பொறுப்பேற்பவர் யாரும் இருக்க மாட்டார்.

காட்டுப்பன்றிச் சிக்கலுக்குத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். சுடும் அதிகாரம் வனத்துறைக்கு மட்டுமே. நிலத்தின் உரிமையாளர் அதைத் தாமே செய்ய முடியாது. சானமாவை ஒட்டிய நிலங்கள் பல முதல் இரண்டு வளையங்களுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதால், அங்கே பிடித்து விடுவதும் பயிர்ச்சேத இழப்பீடு கோருவதுமே நடைமுறையில் எஞ்சும் வழி. சேதம் கண்ட அன்றே படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து ஒப்புகை பெற்று வைத்துக்கொள்வது நல்லது; தாமதமாகத் தெரிவித்தால் சேதத்தை மதிப்பிட வருபவருக்குக் காட்ட வயலில் அடையாளம் மிஞ்சியிருக்காது.